ஐம்பத்தேழுக்கு வெயில் பிடிக்கும்

டிங் என்று ஒரு மணி. அதைத்தான் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்காது, சைக்கிள் மணி மாதிரி அதட்டாது. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் தேக்கரண்டி பட்டால் வருமே, அவ்வளவுதான். ஐம்பத்து நாலு வருடமாகிறது. நேற்றுக்கூடக் கேட்டேன். அடுக்களையில் போய்ப் பார்த்தேன், ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், மேற்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். இப்படி வாருங்கள். காபியா, மோரா? பையை ஏன் மடியிலேயே வைத்திருக்கிறீர்கள், கீழே வைக்கலாமே. சரி, உங்கள் இஷ்டம்.

நம் கல்லூரி மலரில் ஞானசௌந்தரிக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். 'விண்வெளிக் குப்பையைச் சூரிய ஒளி எப்படித் தள்ளிக்கொண்டு போகிறது என்று எழுபதுகளிலேயே கணக்கிட்டுக் காட்டிய நம் மாணவி.' இதுதானே வரி? அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. இந்த வீட்டில் பேச யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த வரியில் ஒரு பெயர் குறைகிறது. செண்பகவடிவு. என் பெயர். அதைச் சேர்க்கச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். வேறொன்றும் வேண்டாம். மாலை வேண்டாம், படம் வேண்டாம். ஒரு பெயர்.

சொல்கிறேன், கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் கணக்குப் பட்டம் முடித்த கையோடு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை வந்தது. எந்த நிலையம் என்று எழுத வேண்டாம். மலைமேல் ஒரு பெரிய கேமரா, அடிவாரத்தில் மொட்டைமாடி வைத்த ஒரு கட்டடம். அந்தக் கட்டடத்தில் கணக்குப் பிரிவு. தணிகாசலம் சார் தலைமை. அவருக்குக் கீழே நானும் ஞானமும். தற்காலிக வேலை. இரண்டு மேஜை, இரண்டு இயந்திரம்.

வானத்தில் சுற்றுகிற உடைசல்களைச் சூரியன் மறைந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்குச் சற்று முன்னால்தான் படம் பிடிக்க முடியும். நமக்கு இருட்டியிருக்கும், அவற்றின் மேல் இன்னும் வெயில் இருக்கும். அந்தக் கண்ணாடித் தகடுகள் மறுநாள் காலை ஜீப்பில் வரும். நாங்கள் அளந்து, ஒவ்வொரு துண்டும் பூமியை ஒரு தரம் சுற்ற எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவோம். துண்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். செத்துப்போன ராக்கெட்டின் மூடி, திருகாணி, தகடு. எங்கள் பட்டியலில் எண்பத்து மூன்று. எது எந்த வருடம் விழும் என்று வருடா வருடம் மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

இயந்திரம் என்றால் உங்கள் காலத்துக் கம்ப்யூட்டர் இல்லை. இரும்புப் பெட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். கழிக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் கட்டங்கள் எல்லாம் ஒன்பது ஒன்பதாக நிரம்பி, டிங். ஒரு சுற்று கூடிப்போச்சு என்று அர்த்தம். உடனே ஒரு சுற்றுத் திருப்பிவிட வேண்டும். வகுத்தல் கணக்கே அப்படித்தான் போடுவோம். மணி அடிக்கும்வரை கழி, அடித்தால் ஒன்று திருப்பு. ஒரு நாளில் நூறு தரம் அடிக்கும், நூறு தரம் திருப்புவோம். மூளைக்குப் போகாது, கை தானாகத் திருப்பும்.

இன்னொன்று. எந்தக் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, விடை ஒத்தால் இரண்டு பேரும் சுருக்கொப்பம் இட வேண்டும். செ.வ., ஞா.சௌ. இரண்டும் இல்லாத எண் எங்கள் பிரிவில் எண்ணே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தேழாம் எண் ஒரு மெல்லிய தகடு. ராக்கெட்டின் மேல் சுற்றியிருந்து உரிந்துபோனது. விரித்தால் இந்த அறை அகலம் வரும், தூக்கினால் ஒரு பட்டுப்புடவை கனம் இராது. பழைய சுற்று நேரத்திலிருந்து புதிய நேரத்தைக் கழிப்போம். மேலே இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்று உரச உரசத் துண்டு கீழே இறங்கும். இறங்க இறங்கச் சுற்று குட்டையாகும், நேரம் குறையும். எல்லாத் துண்டுக்கும் குறையும். கூடவே கூடாது.

ஐம்பத்தேழுக்கு மணி அடித்தது.

எனக்குத்தான் முதலில் அடித்தது. என் மேஜையில், என் இயந்திரத்தில். இதை ஞானமே மறுக்க மாட்டாள். கை என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? திருப்பியது. மணி அடித்தால் திருப்பு. இந்த மாதிரிக் கழித்தலில் மணி அடித்தால் அளவெடுத்ததில் பிழை என்று கொண்டு, பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வை என்பது பிரிவின் விதி. வைத்தேன். அடுத்த வாரமும் டிங், பூஜ்யம், புள்ளி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. மாசியில் மணி நின்றது. பங்குனி, சித்திரை ஒழுங்காகக் குறைந்தது. பிறகு மறுபடியும் ஒரு நாள் டிங்.

மத்தியானம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவள் டப்பாவில் எப்போதும் எலுமிச்சைச் சாதம், என் டப்பாவில் எப்போதும் தயிர்ச் சாதம், பாதிப் பாதி. அன்றைக்கு நிழல் அவள் பக்கம் போய், என் காலில் வெயில் ஏறியது. காலை இழுத்துக்கொண்டு சும்மா சொன்னேன், "ஏட்டி ஞானம், ஐம்பத்தேழுக்கு வெயில் பிடிக்கும் போலிருக்கு. அது மேல நிழலும் வெயிலும் மாறி மாறி வார மாசத்துலதான் துள்ளுது."

வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அவள் டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.

"என்ன சொன்ன? இன்னொரு மட்டம் சொல்லு."

"சாப்பிடுட்டி. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நீ பேச்சுக்குச் சொல்லுவ. நான் கணக்குக்குக் கேக்கேன். சொல்லு."

சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த வாக்கியம் என்னுடையது. அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் அந்த வாக்கியத்துக்கு எழுதிய உரை. மூலத்தை விட்டுவிட்டு உரையாசிரியருக்கு மட்டும் நாலு பக்கமா?

நாலு மாதம் பைத்தியம் பிடித்தவள் மாதிரி இருந்தாள். ஒரு நீல அட்டை நோட்டு வாங்கி, மணி அடித்த தேதியெல்லாம் பென்சிலால் குறித்தாள். மணி அடித்தால் திருப்பாதே என்றாள். "ஒம்பது ஒம்பதா நிக்கட்டும் செண்பகம். அது சொல்லுத நம்பர அப்படியே எழுது. மைனஸ்னா மைனஸ். பூஜ்யம் போட்டா அதோட வாயப் பொத்துதோம்லா." அவள் சொன்னாள் என்று ஏட்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அந்தக் கழித்தல் எண்ணையும் எழுதினேன், புள்ளி வைத்தேன். இரண்டு பேரும் ஒப்பமிட்டோம்.

எனக்கு அவள் விளக்கியது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வெயிலுக்குக் கனம் கிடையாது, ஆனா தள்ளு உண்டு. ஒரு ஏக்கர் வயல் மேல விழுத வெயில் அம்புட்டும் சேந்து தள்ளினா எவ்வளவு தெரியுமா? ரெண்டு கிராம். ஒங்காதுல கெடக்கே, அந்தக் கம்மல் கனம்."

"இந்தத் தள்ளுக்கா தகடு ஏறுது?"

"அங்க அதத் தடுக்க யாரு இருக்கா? சூரியனப் பாத்துப் போகும்போது வெயில் எதுத்து நிக்கும். விலகி வரும்போது முதுகுல கை வச்சுத் தள்ளும். சுத்து முழுக்க வெயில்னா ரெண்டும் கழிஞ்சு சரியாப் போயிரும். ஆனா பாதைல ஒரு துண்டு பூமி நிழலுக்குள்ள போகுதுல்லா? எதுத்து நிக்குத பக்கம் நிழல்ல மறைஞ்சா, தள்ளு மட்டும் மிச்சம். ஏறும். வேற மாசத்துல தள்ளுத பக்கம் மறையும். அப்ப இறங்கும்."

"ஏறி இறங்கினா கடைசியில ஒண்ணும் இல்லையே. அங்கனயேதான கெடக்கும்?"

"கெடக்காது. வட்டம் நசுங்குது பாரு. ஒரு பக்கம் மேல, எதிர்ப்பக்கம் கீழ. வருசத்துக்கு வருசம் அந்தக் கீழ்ப்பக்கம் காத்துக்குக் கிட்ட வருது. தொட்டுட்டா முடிஞ்சுது. நம்ம பட்டியல்ல ரெண்டாயிரத்துப் பதிமூணுன்னு போட்டிருக்கு. நான் சொல்லுதேன், எம்பத்தொண்ணுல விழுந்திரும்."

ஒரு கம்மல் கனம். வருடக்கணக்காக விடாமல் தள்ளினால் எதையும் கவிழ்க்கலாம். அது எனக்குப் பிறகு புரிந்தது.

அவள் தணிகாசலம் சாரிடம் போனாள். நானும் கூடப் போய் நின்றேன். சார் கெட்டவர் இல்லை. என் அப்பாவின் உடல்நிலையை வாரம் ஒரு தரம் விசாரிப்பார். தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா ஞானசௌந்தரி, காத்து பின்னாலேர்ந்து தள்ளுமா?"

"காத்து இல்ல சார். வெயில்."

"ஓகோ. வெயிலு. நான் மெட்ராஸ்காரம்மா, இருபது வருஷம் அந்த வெயில்ல நின்னிருக்கேன். என்னை ஒரு இஞ்ச் தள்ளல."

நான் சிரித்துவிட்டேன். நல்ல நகைச்சுவை, சிரிப்பு வந்தது. ஞானம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சிரிப்புக்குக்கூட மனதில் வைத்துக்கொள்கிற பெண் அவள்.

அந்த ஆவணியில் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. ஞானம் தன் கணக்கைக் குறிப்பாக எழுதி அவர்கள் கையில் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தாள். "ரெண்டு ஒப்பம் வேணும் செண்பகம். ஒன்னோடதும் போடணும். நீ சொன்னதுதான." பாருங்கள், அப்போது அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள். அடுத்த வாரம் போடுகிறேன் என்றேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம். நான்கு தங்கைகள். என் மனம் ஒரு நிலையில் இல்லை.

அந்த வாரம்தான் சார் என்னைக் கூப்பிட்டார். "செண்பகம், உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இந்த ஏடு ஒரே கிறுக்கலா கெடக்கு. வர்றவங்க கையில குடுக்க முடியாது. சுத்தப் பிரதி ஒண்ணு எழுதிக் குடுத்துடும்மா."

"மைனஸ் நிக்கிற இடத்துல சார்?"

"விதி என்ன சொல்லுது?"

"பூஜ்யம் சார்."

"அப்புறம் என்ன?"

எழுதினேன். பதினோரு மாதத்து ஏடு, மூன்று நாளில் எழுதி முடித்தேன். புள்ளி வைக்கவில்லை, சுத்தப் பிரதியில் யாராவது புள்ளி வைப்பார்களா? எண், தேதி, பூஜ்யம். ஓரத்தில் ஒப்பம். செ.வ. என்று போட்டேன். பக்கத்தில் ஞா.சௌ. என்றும் போட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பிரதிதானே. மூலத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தானே பிரதியில் எழுத வேண்டும்? மூலத்தில் அவள் ஒப்பம் இருந்தது, எழுதினேன். மூலத்தை சார் மேஜையில் வைத்தேன். அதற்கப்புறம் அது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மூத்தவரிடம் போய் அதையெல்லாம் கேட்பது மரியாதையா?

ஆய்வுக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஞானம் தன் குறிப்பைக் கொடுத்தாள், ஒற்றை ஒப்பத்தோடு. சார் சுத்தப் பிரதியைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார். "இங்க பதினோரு மாச ஏட்டுலயும் இந்தத் தேதிக்கெல்லாம் பூஜ்யம்னு நீயே ஒப்பம் போட்டிருக்கியேம்மா. இப்ப மைனஸ்ங்கிற. எது நிஜம்?"

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மடித்த குறிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் கேட்கிறேன், அது அவள் போட்டதில்லை என்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டியதுதானே? வாய் இல்லையா அவளுக்கு? என்னை அத்தனை பேர் முன்னால் அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசாமல் போவது எந்த ஊர் நியாயம்? மணி அடித்தால்கூட டிங் என்று ஒரு சத்தம் வரும்.

அடுத்த மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. ஒரு இடம்தான் இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவளுக்கு நீட்டிப்பு வரவில்லை. கடைசி நாள் மத்தியானம் நான் மாடிக்கு டப்பாவோடு போனேன். அவள் வரவில்லை. சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டாள். நாலு வருடம் ஒரே பெஞ்சில் படித்து, இரண்டு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். அந்த மத்தியானம் முழு டப்பா தயிர்ச் சாதத்தையும் நானே சாப்பிட்டேன். துரோகத்துக்கு என்ன ருசி என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியும். புளித்திருந்தது.

மூன்று வருடம் கழித்துத் தபாலில் ஒரு ஆய்விதழ் வந்தது. உள்ளே ஐம்பத்தேழு. அவளுடைய நீல நோட்டுக் கணக்கு முழுக்க அச்சில். தலைப்பின் கீழே ஒரே பெயர். நான் கடைசிப் பக்கம் வரை விரலை வைத்துத் தேடினேன். கடைசியில் நன்றி என்று ஒரு வரி. 'மணி ஒலித்ததை முதலில் காதில் வாங்கிய சக ஊழியருக்கு.' சக ஊழியர்! பெயர் வைக்காமலா என் அப்பா என்னை வளர்த்தார்? அதற்கு மேலே இன்னொரு குத்தல். 'நிலையத்தின் பதினோரு மாத ஏட்டில் இந்தத் தேதிகளில் பூஜ்யம் என்றிருப்பது விதியின் பிழை, ஆளின் பிழை அல்ல.' நான் ஆளே இல்லையாம்.

அந்த ஏட்டோடு என் பெயர் சேர்ந்துவிடக் கூடாது என்று அவள் நினைத்திருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். நல்லது செய்கிறவர்கள் சொல்லிவிட்டுச் செய்யலாமே.

எண்பத்தொன்று பங்குனியில் ஐம்பத்தேழு விழுந்தது. அவள் சொன்ன நாளுக்கும் விழுந்த நாளுக்கும் மூன்று வாரம் வித்தியாசம். அப்போது பிரிவுக்கு நான்தான் தலைமை. பட்டியலில் ஐம்பத்தேழுக்கு நேரே சிவப்புக் கோடு போட்டேன். விழுந்தது கடல்மேல். யாரும் பார்க்கவில்லை.

சரி, என் கதை போதும். எழுதிக்கொண்டீர்களா? 'செண்பகவடிவு கண்டுசொன்னதை ஞானசௌந்தரி கணக்கிட்டார்.' இப்படிப் போட்டால் போதும். அவளையும் குறைக்கவில்லை பாருங்கள்.

என்ன அது? பையில் இதையா வைத்திருந்தீர்கள்?

நீல அட்டை. இந்த முனையில் எலுமிச்சை ஊறுகாய் பட்ட கறை... நான் கொட்டியதுதான். எங்கே கிடைத்தது? அவள் தம்பி மகள் கொடுத்தாளா? கொடுங்கள், என் கண்ணாடி எங்கே.

இதோ. பென்சில். 'இன்று மாடியில் செண்பகம் சொன்னாள்: ஐம்பத்தேழுக்கு வெயில் பிடிக்கும். இதுதான் தொடக்கம். எங்கே எழுதினாலும் அவள் பெயர் முதலில் வர வேண்டும்.' பார்த்தீர்களா? பார்த்தீர்களா? நான் பொய் சொல்லவில்லை. ஐம்பத்து நாலு வருடம்... இருங்கள். தண்ணீர் வேண்டாம். ஒன்றுமில்லை.

எதிர்ப்பக்கத்தில் என்ன? இது பிறகு எழுதியது, மையில். 'சுத்தப் பிரதியில் உள்ள ஞா.சௌ. என் ஒப்பம் அல்ல. அவளிடம் கேட்க வேண்டாம்.'

இந்தப் பக்கத்தை மலரில் படமாகப் போடுவதாகச் சொன்னீர்களா? என் பெயருக்குச் சான்றாக. ஒரு பக்கம் மட்டும் போட முடியாதா? ஓ, நோட்டை விரித்து எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும். வெட்டினால் நன்றாக இருக்காது என்கிறீர்கள். ஆமாம், ஒரு நோட்டை வெட்டுவது சரியில்லைதான்.

இந்தாருங்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் படம் வேண்டாம். என் பெயரும் வேண்டாம். இல்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். எனக்கு எப்போதுமே புகழில் நாட்டம் கிடையாது. தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'சக ஊழியர்' என்றே இருக்கட்டும். யோசித்துப் பார்த்தால் நல்ல சொல்தான். அவளே தேர்ந்தெடுத்த சொல். அதை மாற்ற நாம் யார்?

வெயில் இந்தப் பக்கமும் வந்துவிட்டது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

அவள் பிறகு என்ன ஆனாள் என்று கடைசிப் பத்திக்கு விவரம் கேட்டீர்களே, அதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும், விசாரித்து வைத்திருக்கிறேன். ஞானசௌந்தரி நாசரேத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்தாள். அதற்கப்புறம் எந்தத் துண்டின் பாதையையும் அவள் கணக்கிடவில்லை. போன புரட்டாசி இருபதாம் தேதி இறந்துபோனாள்.